இ-ஷ்ரம் பதிவு: ஸ்ரீராமபுரம் சேவை மையம் எப்படி?

உணவு டெலிவரி செய்யும் தம்பிக்குப் பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் ஒரு பொதுச் சேவை மையத்தில், அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசுப் பதிவேடான இ-ஷ்ரமில் பதிவு செய்தோம். திருப்தியான சேவை. ஆதார், அதோடு இணைத்த மொபைல், வங்கிக் கணக்கு எண் இவ்வளவுதான் கேட்டார்கள். கவுண்டரில் இருந்த அக்கா ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் கேட்டு நிரப்பி, 12 இலக்க எண்ணோடு கார்டை அச்சடித்துத் தந்தார். அவசரப்படுத்தியிருந்தால் தொழில் விவரம் தப்பாகப் பதிவாகியிருக்கும். பதிவு இலவசம். அதே தெருவில் இன்னொரு கடையில் 200 ரூபாய் கேட்டார்கள், கொடுத்துவிடாதீர்கள்.

சரி, கார்டு வந்தால் பாதுகாப்பு வந்துவிட்டதா? இல்லை. தம்பியைப் போல நிரந்தர வேலை இல்லாமல் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகக் கூலி வாங்கும் கிக் தொழிலாளர்களை முதன்முதலில் நாட்டின் சட்டத்துக்குள் கொண்டுவந்தது 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு. அது நடைமுறைக்கு வந்ததோ 2025 நவம்பரில். ஐந்து வருடம் காத்திருக்க வைத்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. கர்நாடகம் 2025இல் தனிச் சட்டமே போட்டது. தொழிலாளிக்குத் தரும் தொகையில் 1 முதல் 5 சதவீதத்தை நிறுவனங்கள் நல நிதிக்குக் கட்ட வேண்டும். நல்ல சட்டம். மழையில் வழுக்கிக் கையை உடைத்துக்கொண்டவனுக்கு அந்தப் பணம் எத்தனை நாளில் கிடைக்கும் என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

மையத்துக்கு ஐந்துக்கு நான்கு. உட்கார இடமில்லை, அதனால் ஒன்று குறைவு. மாலையில் கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள்.