கோடு வரைவதிலிருந்து விதி எழுதுவதற்கு: பாராமெட்ரிக் வடிவமைப்போடு பல ஆண்டுகள்

ரைனோ என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளையும் அதற்குள் இயங்கும் கிராஸ்ஹாப்பரையும் பல ஆண்டுகளாக அன்றாட வேலையில் பயன்படுத்தி வருகிறேன். முகப்பு, கூரை, படிக்கட்டு, இருக்கை அடுக்கு என்று பலவற்றையும் அதில் செய்து பார்த்தாயிற்று. புதிதாகத் தொடங்கியவர்கள் எழுதும் விமர்சனங்களில் வளைவுகளின் அழகுதான் அதிகம் பேசப்படும். நெடுநாள் புழங்கியபின் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. எது மாறலாம், எது மாறக்கூடாது என்பதை வேலையின் தொடக்கத்திலேயே சொல்லும்படி இந்தக் கருவி நம்மைக் கேட்கிறது. அதைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவருக்கு இது அபாரமான துணை.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: கிராஸ்ஹாப்பரை எழுதியவர் டேவிட் ரட்டன். 2007இல் 'எக்ஸ்ப்ளிசிட் ஹிஸ்டரி' என்ற பெயரில் வந்தது. 2018இல் வெளியான ரைனோ 6 முதல் கூடவே சேர்ந்து வருகிறது. திரையில் சிறு சிறு பெட்டிகள் இருக்கும். ஒன்று புள்ளி வைக்கும், ஒன்று வளைகோடு இழுக்கும், ஒன்று பரப்பைப் பிரிக்கும். அவற்றைக் கம்பிகளால் இணைக்கிறோம். இடப்பக்கம் எண்களைத் தரும் ஸ்லைடரை நகர்த்தினால் கடைசிப் பெட்டி வரை எல்லாம் மறுபடி கணக்கிடப்பட்டு வடிவம் புதிதாக எழும். நாம் எழுதுவது கோடு பிறக்கும் விதியை. இப்படி மாறும் அளவுகளையும் அவற்றுக்கிடையேயான உறவுகளையும் வைத்து வடிவம் செய்வதுதான் பாராமெட்ரிக் வடிவமைப்பு.

படிக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ரைசரும் (படியின் உயரம்) ஒரு ட்ரெட்டும் (மிதியின் அகலம்) சேர்ந்து சுமார் 60 முதல் 65 சென்டிமீட்டருக்குள் இருந்தால் நடை இயல்பாக வரும் என்ற விதி, 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் கட்டடக் கலைஞர் ஃபிரான்சுவா ப்ளோன்டெல் சொன்னதன் வழிவந்தது. தள உயரத்தைத் தந்துவிட்டால் படிகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு படியின் உயரம், மிதியின் அகலம், படிக்கட்டு பிடிக்கும் மொத்த நீளம் எல்லாம் இந்த உறவைப் பிடித்துக்கொண்டே வந்துவிடும். காகிதத்தில் வரைந்த காலத்திலும் கட்டடக் கலைஞர் இந்தக் கணக்கை மனதில் போட்டார். ஆனால் தாளில் பதிந்தது விடை மட்டும். தள உயரம் 10 சென்டிமீட்டர் கூடினால் அழித்துவிட்டு மறுபடி வரைய வேண்டியதுதான். இப்போது கணக்கே ஆவணமாக நிற்கிறது; அடுத்தவர் அதைத் திறந்து, ஏன் இப்படி வந்தது என்று கேட்க முடிகிறது.

எண்ணம் பழையதுதான். 1963இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்ற வரைகலை நிரலில், இரண்டு கோடுகள் இணையாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் கணினி அதைக் காப்பாற்றும். பின்னால் அலுவலகங்களில் பரவிய கேட் (கணினியில் வரைபடம் வரையும்) மென்பொருள்கள் பெரும்பாலும் வரைபலகையைத் திரைக்கு மாற்றியதோடு நின்றுவிட்டன. வேகம் கூடியது, சிந்திக்கும் முறை அப்படியே இருந்தது. கணினிக்கு வெளியேயும் இதே தேடல் நடந்திருக்கிறது. ஸ்பெயினின் கொலோனியா குவெல் தேவாலயத்துக்காகக் கட்டடக் கலைஞர் அந்தோனி கௌடி கயிறுகளைத் தொங்கவிட்டு, ஈயக் குண்டுகள் நிரப்பிய சிறு பைகளை அவற்றில் கட்டி, சுமார் 10 ஆண்டுகள் உழைத்தார். தொங்கும் கயிறு இழுவிசையை மட்டுமே தாங்கும். அந்த வடிவத்தைத் தலைகீழாக்கினால் அமுக்கவிசையிலேயே நிற்கும் வளைவு கிடைக்கும். ஒரு கயிற்றின் நீளம் மாறினால் மாதிரி முழுவதும் தானே அசைந்து புது நிலைக்கு வரும். டேனியல் பைக்கர் கிராஸ்ஹாப்பருக்காக எழுதிய கங்காரு என்ற துணைநிரலில் வலையைத் தொங்கவிடும்போது சில நொடிகளில் நடப்பதும் இதுவே. செய்யும் ஒவ்வொரு முறையும் கௌடியின் பொறுமை மீது எனக்கு மரியாதை கூடுகிறது.

கோட்பாட்டில் உண்மையாகவே ஆட்டம் கண்டது, துண்டுகளெல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற கட்டாயம். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 2000இல் திறக்கப்பட்ட கிரேட் கோர்ட் என்ற கூரையிட்ட முற்றத்தைப் பாருங்கள். செவ்வக முற்றத்துக்குள் வட்டமான வாசிப்பு அறை. அதுவும் சரியான நடுவில் இல்லை. இரண்டையும் இணைக்கும் கூரையின் வலையைக் கிறிஸ் வில்லியம்ஸ் நிரல் எழுதிக் கணக்கிட்டார். அளவில் வேறுபடும் 3,312 கண்ணாடித் துண்டுகள் அதில் உண்டு. கட்டடக்கலை வரலாற்றாசிரியர் மாரியோ கார்ப்போ இதை இன்னும் பின்னாலிருந்து பார்க்கிறார். கட்டடம் என்பது வடிவமைப்பாளரின் வரைபடத்துக்கு அச்சு அசலான நகல் என்ற கருத்தை 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஆல்பெர்ட்டி வகுத்தார். இயந்திர யுகம் ஒரே மாதிரியான நகல்களை மலிவாக்கியது. ஒரே விதியிலிருந்து வேறுவேறு துண்டுகள் பிறக்கும் டிஜிட்டல் யுகம் இரண்டையும் கேள்விக்குள்ளாக்குகிறது என்பது அவர் வாதம்.

வாதத்தை ஏற்கிறேன், ஒரு சேர்க்கையோடு. நூறு ஒரே துண்டுகளை வெட்டினாலும் நூறு வேறு துண்டுகளை வெட்டினாலும் இயந்திரத்துக்குப் பெரிய வித்தியாசம் இருக்காது. கட்டுமிடத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்ட வேண்டும், பொருத்தும் வரிசையிலேயே அடுக்க வேண்டும், பல ஆண்டுகள் கழித்து ஒன்று உடைந்தால் அதற்குரிய அளவைத் தேடி எடுக்க வேண்டும். வேறுபாட்டின் செலவு பட்டறையை விட்டு வெளியேறி, பொருத்துபவர் தலையிலும் பராமரிப்பவர் தலையிலும் போய் அமர்கிறது. அதனால் என் முகப்பு நிரல்களின் கடைசியில் நெருங்கிய அளவுகளைச் சில வகைகளாகத் தொகுத்து, இணைப்பு இடைவெளி எவ்வளவு கூடுகிறது என்று பார்க்கும் ஒரு பகுதியைக் கட்டாயம் வைக்கிறேன்.

இந்த முறையின் பெரிய குறை, ஸ்லைடர் தரும் சுதந்திர உணர்வு. நேர் படிக்கட்டுக்கு எழுதிய விதி எத்தனை உயரம் தந்தாலும் நேர் படிக்கட்டையே தரும். நடுவில் லேண்டிங் (இடைமேடை) வைத்துத் திருப்பலாமே என்று யாராவது கேட்டால் எந்த ஸ்லைடரும் உதவாது. கம்பிகளைப் பிரித்து உறவுகளை மறுபடி யோசிக்க வேண்டும். அளவு மாறுவது வேறு, அமைப்பே மாறுவது வேறு. நுழைவாயில் எந்தப் பக்கம், முற்றம் வேண்டுமா, ஒரே கட்டடமா இரண்டா போன்ற அடிப்படைக் கேள்விகள் இரண்டாம் வகை. நிரல் பெரிதாகிவிட்டால் அவற்றைக் கேட்கவே தயக்கம் வந்துவிடுகிறது. சுவர் நிறைய மாற்று வடிவங்கள் ஒட்டியிருக்கும். எல்லாம் ஒரே கட்டடத்தின் உடன்பிறப்புகளாக இருக்கும். அமைப்பு முடிவாகும்வரை நான் பென்சிலை விடுவதில்லை.

பெயரிடாத பெட்டிகளும் பின்னிக்கிடக்கும் கம்பிகளும் கொண்ட நிரலை ஆறு மாதம் கழித்து எழுதியவராலேயே படிக்க முடியாது. குழுவாகப் பிரித்து, குறிப்பு எழுதி வையுங்கள். அவ்வளவுதான்.

எண்களின் செல்வாக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கிராஸ்ஹாப்பருக்குள் இயங்கும் லேடிபக் கருவிகள் வானிலைக் கோப்பைப் படித்து, ரேடியன்ஸ், எனர்ஜிபிளஸ் போன்ற கணிப்பு நிரல்களோடு இணைந்து ஒளியையும் வெப்பத்தையும் காட்டும். வரைந்துகொண்டிருக்கும்போதே நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்க முடிவது பெரிய வரம். சிக்கல் உகப்பாக்கத்தில், அதாவது மிகச் சிறந்த விடையைக் கணினியைக் கொண்டே தேடுவதில், தொடங்குகிறது. கலபகோஸ் போன்ற பரிணாமத் தேடல் கருவி ஒரே ஒரு எண்ணைத்தான் கூட்டவோ குறைக்கவோ பார்க்கும். சன்னலைப் பெரிதாக்கினால் பகல் வெளிச்சம் கூடும், வெப்பமும் கூடும். இரண்டையும் ஒரே எண்ணாக்க, எதற்கு எவ்வளவு எடை என்று யாரோ சொல்லியாக வேண்டும். அந்த எடைதான் வடிவமைப்பு முடிவு. கூட்டத்தில் விடையை மட்டும் காட்டும்போது கணினியே தீர்ப்புச் சொன்னது போல் ஆகிவிடுகிறது. வெளியே தெரியும் மரம், அறைக்குள் நுழையும்போது வரும் அமைதி போன்றவற்றுக்கு எண் கிடையாது. ஆகவே அவை வாதத்துக்கே வருவதில்லை. விடையைக் காட்டுமுன் எடைகளைக் காட்டுங்கள் என்று என்னோடு வேலை செய்பவர்களிடம் வலியுறுத்துகிறேன்.

2008இல் கட்டடக் கலைஞர் பேட்ரிக் ஷூமாக்கர் இந்த இயக்கத்துக்குப் பாராமெட்ரிசிசம் என்று பெயரிட்டு, நவீனத்துவத்துக்குப் பின் வந்த பெரும் பாணி இதுவே என்று அறிவித்தார். எனக்கு உடன்பாடில்லை. விதி எழுதும் முறைக்கு நெளியும் பரப்புகள்மீது தனிப் பாசம் எதுவும் கிடையாது. சதுரமான கட்டடத்தையும் அது அதே அக்கறையோடு தரும். முறையைப் பாணியாகப் பார்த்ததால்தான் வளைவுக்காகவே வளைத்த கட்டடங்களை நிறையப் பார்த்தோம். 2016 வெனிஸ் பியன்னாலே கட்டடக்கலைக் கண்காட்சியில் ஆய்வாளர் பிலிப் பிளாக்கின் குழுவும் கூட்டாளிகளும் நிறுத்திய ஆர்மடிலோ வால்ட் என்ற கல் வளைகூரை எனக்கு நல்ல எதிர்ச்சான்று. 399 சுண்ணாம்புக்கல் துண்டுகள், சாந்து இல்லை, கம்பி வலுவூட்டல் இல்லை. விசை எந்த வழியாக இறங்குகிறது என்ற கணக்கே அங்கே வடிவம். வளைவுக்கு அங்கே காரணம் இருக்கிறது.

இப்போது பலரும் கேட்பது, சொற்களைத் தந்தால் படம் வரையும் செயற்கை நுண்ணறிவு பற்றி. மனநிலையைப் பேச அது உதவுகிறது. ஆனால் கிடைப்பது கட்டடத்தின் தோற்றம். படத்தில் இருக்கும் படியின் உயரத்தை மாற்றினால் கைப்பிடிக்கு என்ன ஆகும் என்று அந்தப் படத்துக்குத் தெரியாது. அதையும் விதி எழுதும் இந்த முறையையும் ஒரே பெயரில் அழைத்து ஒப்பிடுவதில் பயனில்லை.

மாணவர்களுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வெக்டர் (திசையும் நீளமும் கொண்ட அளவு), வடிவியலில் வரும் தளம், வளைகோட்டின் வடிவியல் ஆகியவற்றை முதலில் படித்துவிட்டு வாருங்கள். கிராஸ்ஹாப்பர் தரவைக் கிளைகிளையாக அடுக்கும் டேட்டா ட்ரீ பிடிபடச் சில மாதங்களாவது ஆகும். அதுவரை பெரிய கூரைகளைத் தொடாமல் ஒரு கைப்பிடி, ஒரு சாய்தளம், ஒரு சன்னல் மறைப்பு என்று சிறியவற்றிலேயே பழகுங்கள்.