இழுப்புக்கு மாத்திரையா, பம்பா, நெபுலைசரா?

பனிக்காலம் வந்தால் ஏற்காட்டிலும் சேலத்திலும் ஆஸ்துமா உள்ள வீடுகளில் இந்தப் பேச்சு எழும். "பம்பு பழகிப்போகும், மாத்திரையே போதும்" என்பார் பாட்டி. "மெஷின் ஒன்று வாங்கிவிட்டால் கவலையில்லை" என்பார் அப்பா; அவர் சொல்வது நெபுலைசரை, திரவ மருந்தை ஆவிபோன்ற நுண்துளிகளாக்கித் தரும் கருவியை. நான் ஸ்பேசர் மாட்டிய பம்பின், அதாவது இன்ஹேலரின் பக்கம். ஸ்பேசர் என்பது பம்பின் வாயில் மாட்டும் வெற்றுக் குழாய். அதற்குக் காரணம் நம் மூச்சுக்குழாயின் அமைப்பிலேயே இருக்கிறது.

தொண்டைக்குக் கீழே இறங்கும் மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு கிளையும் மறுபடி பிரிந்து, இப்படிச் சுமார் 23 முறை கிளைத்த பிறகுதான் காற்றுப்பைகள் வரும். மேலே உள்ள பெரிய குழாய்களைக் குருத்தெலும்பு விறைப்பாகத் தாங்குகிறது. 1 மில்லிமீட்டருக்கும் குறுகலான நுண்குழாய்களுக்கு அந்தத் தாங்கல் கிடையாது, சுற்றிலும் தசைதான். குளிர்காற்றோ தூசியோ சளிக்காய்ச்சலோ தூண்டினால் அந்தத் தசை இறுகும், உட்சுவர் வீங்கும், சளி அடைக்கும். உள்ளே போன காற்று வெளியே வரத் திணறும். மருந்து போய்ச் சேரவேண்டிய இடம் இதுதான்.

மாத்திரை அங்கே சுற்றுவழியில் போகிறது: வயிறு, குடல், கல்லீரல், பிறகு ரத்தம் வழியாக உடம்பு முழுக்க. இறுகிய தசையைத் தளர்த்தும் மருந்தான சால்பியூட்டமால், மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் இருக்கும். பம்பில் ஒரு அடிக்கு 100 மைக்ரோகிராம். அதாவது மருந்தின் அளவில் ஒரு மாத்திரை 40 அடிக்குச் சமம். கைநடுக்கமும் படபடப்பும் அதனால்தான் வருகின்றன. பம்பு சில நிமிடங்களில் வேலை செய்யும், மாத்திரைக்கு அரை மணியாவது வேண்டும். பம்புக்குப் பயந்து மாத்திரைக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கடும் இழுப்பில் மருத்துவர் சில நாளைக்கு எழுதும் ஸ்டீராய்டு மாத்திரை வேறு விஷயம், அதை நிறுத்தக் கூடாது.

பம்பிலும் ஒரு குறை உண்டு. வேகமாகப் பீய்ச்சும் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். ஸ்பேசர் அந்த வேகத்தைத் தணித்து, நுண்துளிகளை மெதுவாக இழுக்க விடுகிறது. சிறு குழந்தைக்கு மாஸ்க் வைத்த ஸ்பேசர் உண்டு. குலுக்குங்கள், மூச்சை வெளியே விடுங்கள், ஒரே ஒரு அடி அடித்து மெதுவாக ஆழமாக இழுங்கள், 10 விநாடி நிறுத்துங்கள். அப்புறம்தான் அடுத்த அடி. ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் உலர்த்துங்கள். துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரில் ஒட்டும்.

கேப்ஸ்யூலைத் துளைத்து உறிஞ்சும் பொடி மலிவு, ஆனால் பலமாக இழுக்க வேண்டும். இழுப்பு முற்றியவருக்கு அந்தப் பலம் இருக்காது. மலையின் மழைக்கால ஈரத்தில் பொடி கட்டிபிடிக்கவும் செய்யும்.

நெபுலைசரைத்தான் நம் ஊரில் அளவுக்கு மீறி நம்புகிறோம். மெஷின் ஓடுவதாலேயே மருந்து பலமானது என்று ஒரு எண்ணம். லேசான, நடுத்தர இழுப்புக்கு ஸ்பேசரும் அதே பலனைத் தரும். நெபுலைசருக்கு 5 முதல் 10 நிமிடம் ஆகும், பெரும்பாலும் கரண்டும் வேண்டும், கிண்ணத்தைச் சுத்தமாக வைக்காவிட்டால் கிருமி சேரும். ராத்திரியில் ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலம் இறங்கும்போது காரில் கைகொடுப்பது பம்புதான். கடும் இழுப்பில், மருத்துவமனையில், ஆக்சிஜனோடு வைக்கும்போது நெபுலைசருக்கு உரிய இடம் உண்டு.

சரி, பழகிப்போகுமா? போகாது. அடிக்கடி பம்பு தேவைப்படுகிறதென்றால் உட்சுவர் வீக்கம் அடங்கவில்லை என்று பொருள். சால்பியூட்டமால் தசையைத் தளர்த்துமே தவிர வீக்கத்தைத் தொடாது. அதற்குத் தினசரி தடுப்பு பம்பு, அதாவது சிறு அளவு ஸ்டீராய்டு, வேண்டும். அடித்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப்பட்டறைப் புகையில் உழைப்பவருக்கு இழுப்பு இருந்தால், பம்போடு சேர்த்துப் புகை வெளியேற வழியும் செய்தாக வேண்டும்.

ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, விலா இடுக்கு உள்வாங்குகிறது, உதடு நீலமாகிறது என்றால் எது சிறந்தது என்று யோசிக்காதீர்கள். மருத்துவர் சொன்ன அளவில் பம்பை அடித்துக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.