பிஸ்கற் பெட்டி அட்டையா, சாம்பல் அட்டையா?

மட்டக்களப்புப் புகையிரத நிலையத்தின் அட்டை மாதிரியை 1:76 அளவில், அதாவது உண்மையானதில் 76இல் ஒரு பங்காக, பிள்ளைகளோடு கட்டத் தொடங்கினபோது முதலில் எடுத்தது பிஸ்கற் பெட்டி அட்டைதான். காசு செலவில்லை, கத்தரிக்கோலே போதும், சின்ன மகளும் வெட்டுவாள். இந்த அளவில் ஓர் அடி 4 மில்லிமீற்றர். ஏழடிக் கதவு 28 மில்லிமீற்றர். கதவு, யன்னல் சட்டம், கூரை ஓடு எல்லாத்துக்கும் இதைவிட நல்லது இல்லை. ஓட்டு வரிசைகளைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, கீழிருந்து மேலாக ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டினால் நிழல் தானாக விழும். பார்க்க அவ்வளவு ஆசை!

சுவருக்கு மட்டும் சரிவராது. மார்கழி மழையில் ஈரக்காற்றுப் பட்டு எங்கள் மாதிரியின் சரக்கறைச் சுவர் வில்லாக வளைந்துவிட்டது. அதனால் சுவருக்கெல்லாம் இப்போது புத்தகம் கட்டுகிற சாம்பல் அட்டைதான். 2 மில்லிமீற்றர் தடிப்பு என்றால் இந்த அளவில் ஆறு அங்குலச் சுவர். யன்னல் குழிவு அப்படியே தெரியும். வெட்டுவது பெரியவர் வேலை: இரும்பு அடிமட்டம், புது பிளேட், ஒரே கோட்டில் நாலைந்து தடவை மெதுவாக இழுக்க வேண்டும். பைண்டர் கம் பூசித் தாள் ஒட்டினால் இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் இதுவும் வளையும்.