பூசாத வீட்டில் எட்டாவது கோடை

காரைக்குடிக்கு வெளியே 2017 ஆவணியில் பால் காய்ச்சிக் குடிபோன வீடு இது. சுவரை வெளியே பூசவில்லை. செங்கல் அப்படியே தெரியும். "எப்பத்தான் பூசப் போறீங்க?" என்று சொந்தக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள். வீடு கட்டப் போகிறவர்கள் கேட்பது வேறு: இப்படிக் கட்டியதில் பணம் மிச்சம் ஆயிற்றா?

கட்டும்போது ஆகவில்லை. நாங்கள் கட்டியது ராட் ட்ராப் பாண்ட், அதாவது எலிப்பொறிக் கட்டு. செங்கலைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டு எழுப்புவது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய முறை. செங்கல் ஏறத்தாழக் கால் பங்கு குறையும், அது உண்மைதான். ஆனால் எங்கள் பக்கத்துக் கொத்தனாருக்கு இது பழக்கமில்லை, வேலை மெதுவாகத்தான் நகர்ந்தது. செங்கலில் மிச்சம் பிடித்தது கூலியில் போய்விட்டது.

பலன் சித்திரையில்தான் தெரியும். சுவருக்குள் அடைபட்ட காற்று வெயிலைச் சட்டென்று உள்ளே விடாது. மேலே கூரைக்கு ஃபில்லர் ஸ்லாப், அதாவது நடுநடுவே ஓடு நிரப்பிய கான்கிரீட் தளம். தளத்தின் அடிப்பக்கத்தில் இழுவிசையைத் தாங்குவது கம்பி. கம்பிகளுக்கு நடுவே இருக்கும் கான்கிரீட் பெரும்பாலும் வெறும் கனம். அந்த இடத்தில் பழைய சீமை ஓடுகளை இரண்டிரண்டாக வைத்து வார்த்தோம். மொட்டை மாடிக்கு வருடா வருடம் பங்குனியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கிறோம். சாதாரணக் கான்கிரீட் வீட்டில் பகல் வெயிலைவிட ராத்திரிதான் கொடுமை. தளம் குடித்த சூட்டை விடிய விடியக் கீழே இறக்கும். அந்தத் தொல்லை இங்கே பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது.

ஆனால் அதிகக் குளிர்ச்சி கொடுத்தது இவை எதுவும் இல்லை, திசைதான். வீட்டின் நீளம் கிழக்கு மேற்காக ஓடுகிறது. மேற்கே குளியலறை, மாடிப்படி, சாமான் அறை மட்டும். உச்சி வெயிலைச் சன்ஷேடு தடுக்கும். சாயங்காலம் சாய்ந்து வரும் மேற்கு வெயிலை எந்தச் சன்ஷேடும் தடுக்காது. அதனால் அந்தப் பக்கம் ஆள் புழங்கும் அறையே வைக்கவில்லை. படத்தில் கோடு மாற்றிப் போட்டதுதான் செலவு. பசுமை வீடு என்று ஆரம்பிக்கிறவர்கள் முதலில் கருவிகளின் விலைப்பட்டியலைத்தான் கேட்கிறார்கள். மனையில் வெயில் எங்கே விழுகிறது என்று ஒரு நாள் முழுக்க நின்று பார்க்கச் சொன்னால் யாருக்கும் பொறுமை இல்லை.

ஏசியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒரு அறையில் இருக்கிறது, அக்னி நட்சத்திரத்தில் காற்று செத்துப்போகும் இரவுகளில் ஓடும். ஆனாலும் கோடை பில்கூட 500 யூனிட்டைத் தாண்டுவதில்லை. அது முக்கியம். இரண்டு மாதக் கணக்கில் 500ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்ல, அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகள் சிலவற்றுக்கும் கட்டணம் கூடிவிடும்.

2024இல் பிரதமரின் சூரிய வீடு திட்டம் வந்ததும் மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டோம். மானியம் 78,000 ரூபாய். நம் வெயிலுக்குக் கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு 4 யூனிட் சுமாராகக் கிடைக்கும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சோலார் போட்ட 2024இல் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் இலவசம், எங்கள் வீடு ஏற்கனவே குறைவாகத்தான் இழுக்கும். அதனால் போட்ட பணம் திரும்ப நாள் பிடிக்கிறது. நான்கு ஏசி ஓடும் வீட்டுக்குச் சோலார் கொடுக்கும் லாபம் எங்களுக்குக் கொடுக்காது. அப்புறம், பேட்டரி இல்லாத சோலார் கரண்டு போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. எங்களுக்கு விற்றவர் இதை வாயே திறக்கவில்லை.

மழைத்தண்ணீர் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன். 1000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் 900 லிட்டருக்கு மேல் வரும். ஐப்பசி, கார்த்திகையில் நல்லதாக நாலு மழை போதும், 10,000 லிட்டர் தொட்டி நிரம்பிவிடும். வழிவது கிணற்றுக்குப் போகிறது. முதல் மழையை வெளியே தள்ளிவிட வேண்டும். கூழாங்கல், மணல், கரி வழியாக வடிகட்ட வேண்டும். தொட்டிக்குள் வெளிச்சம் படக்கூடாது, பட்டால் பாசி பிடிக்கும். குடிக்க, சமைக்க நாளுக்கு 20 லிட்டர் என்றால் வருடம் தாண்டியும் வரும். போர் தண்ணீரில் வேகாமல் அடம்பிடித்த துவரம் பருப்பு இதில் குழைந்துவிடுகிறது. தண்ணீர் கேன் வாங்குவதை நிறுத்தி வருடங்கள் ஆகின்றன. 2003இலேயே தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். பல வீடுகளில் குழாய் இருக்கிறது, அது போய்ச் சேரும் குழி தூர்ந்து கிடக்கிறது.

குறைகளும் உண்டு. சுவரில் கனமான அலமாரி மாட்ட முடியாது. ஆணி இறங்கினால் இடைவெளிக்குள் போய் நிற்கிறது. வயரிங் பைப்பைக் கட்டும்போதே வைத்தாக வேண்டும். மழைக்காலத்தில் வடக்குச் சுவரில் உப்புப் பூக்கிறது. தரைக்குப் போட்ட ஆத்தங்குடிக் கல் (கையால் வார்க்கும் சிமெண்ட் டைல்) வெறுங்காலுக்குச் சொர்க்கம், ஆனால் எலுமிச்சைச் சாறு சிந்தினால் கறை நிற்கும். குளியலறைத் தண்ணீர் கல்வாழைப் பாத்தி வழியாக வாழைக்குப் போகிறது. அடுப்படித் தண்ணீரின் எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் பைப்பை அடிக்கடி அடைக்கும். அதை எடுப்பது என் வேலை.

இப்போது புதிதாக ஒரு பஞ்சாயத்து. மேற்குச் சுவருக்காக நட்ட வேம்பு மாடிக்கு மேல் வளர்ந்து, மூன்று மணிக்கெல்லாம் பேனல் மேல் நிழல் விழுகிறது. கிளையைக் கழித்துவிடுங்கள் என்கிறார் சோலார்காரர். பேனலைக் கிழக்கே நகர்த்த எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறேன்.