கன்டெய்னருக்குள் பெல்ட் நுழைந்து மூன்று வருஷம்

செங்குன்றம் பக்கம் எங்கள் கிடங்கில் பெட்டிகளைச் சுமந்து வெளியே கொண்டுவரும், நீட்டி மடக்கும் பெல்ட் கன்வேயர் போட்டு மூன்று வருஷம் ஆகிறது. பட்டனை அழுத்தினால் கன்டெய்னருக்குள்ளேயே நீண்டு போகிற வகை. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, எவ்வளவு நேரம் மிச்சம் என்றுதான். பேலட் என்கிற அடித்தட்டு இல்லாமல் தரையிலிருந்து கூரை வரை பெட்டியாக அடுக்கி வரும் 40 அடி கன்டெய்னரை, முன்பு எட்டுப் பேர் காலையில் தொட்டால் மதியச் சாப்பாடு தாண்டிவிடும். இப்போது ஐந்து பேர், சாப்பாட்டுக்கு முன்னாலேயே டிரெய்லர் கிளம்பிவிடுகிறது, வெயிட்டிங் சார்ஜ் தகராறும் குறைந்தது.

ஆனால் குறைந்தது நடைதான், தூக்குவது குறையவில்லை. உள்நீளம் 12 மீட்டர். கடைசி வரிசைக்கு வரும்போது பெட்டிக்குப் பெட்டி போக 12, வர 12 என்று சித்திரை வெயிலில் அந்த இரும்புக்கூட்டுக்குள் நடந்ததை நினைத்தால் இப்போதும் வேர்க்கும். தலைக்கு மேலே இருக்கும் பெட்டியை இன்னமும் ஸ்டூல் போட்டு ஏறி ஆள்தான் இறக்குகிறான். முதுகுவலியே இருக்காது என்று விற்க வந்தவர் சொன்னதை நம்பினேன், என் தப்பு. சாக்கு மூட்டைக்கு இது ஆகவே ஆகாது. பிரிந்து தொங்கும் நூல் ரோலரில் சுற்றிக்கொண்டு, பிளேடால் அறுத்து அறுத்து எடுக்க ஒரு மணி நேரம் போகும்.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து கதவில் இருக்கிறது, அங்கே பெல்ட்டால் ஒரு உதவியும் இல்லை. போன வருஷம் வலது கதவின் பிடியைத் திருப்பியதுமே, உள்ளே சரிந்து சாய்ந்திருந்த பெட்டிகள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து ஒரு பையன் தோளில் விழுந்தன. நல்லவேளை, எலும்பு தப்பியது. அதற்கப்புறம், லாரியில் சரக்கைக் கட்டும் நாடாவை இரண்டு கதவின் பூட்டுக் கம்பிகளையும் சேர்த்துக் கொஞ்சம் தளர்வாகக் கட்டிவிட்டுத்தான் திறக்கிறோம். கதவு ஒரு சாண் மட்டும் விலகும், டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நாடாவை அவிழ்ப்போம். டிரைவர் சாவி என் மேஜையில், சக்கரத்துக்குக் கட்டை. பெல்ட் உள்ளே நீண்டிருக்கும்போது வண்டி நகர்ந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

சர்வீஸ் சுமார்தான். பெல்ட் முனையில் இருக்கும் விளக்கு எரிந்துபோய்ப் பதினைந்து நாள் ஆச்சு, பார்ட்ஸ் வரணுமாம். அதுவரை கதவுக்கு வைத்திருக்கும் டார்ச்சைத்தான் அங்கே கயிறு போட்டுக் கட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.