பொதுப் பெட்டிக் காணிக்கை: மூன்று வருடம் போட்டுப் பார்த்ததில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருடம் வங்கியில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். யார் பணம் கேட்டாலும், கர்த்தர் பேரைச் சொல்லிக் கேட்டாலும், ‘ரசீது எங்கே’ என்றுதான் வாயில் வரும். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பிறந்தது மெஞ்ஞானபுரம் பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். வாழ்க்கைப்பட்டது பாளையங்கோட்டையில் ஒரு பாப்டிஸ்ட் வீட்டில். அம்மா வீட்டில் சேகரம் (பக்கத்து ஊர்ச் சபைகள் சேர்ந்தது), திருமண்டலம் (பிஷப்பின் ஆளுகை) என்று காணிக்கை படிப்படியாக மேலே போகும். கணக்குக் கேட்க வேண்டுமானால் நாமும் அத்தனை படி ஏற வேண்டும். பாப்டிஸ்ட் சபைகளுக்கு மேலே பிஷப் கிடையாது. ஒவ்வொன்றும் தனிக் குடித்தனம். அதில் சுதந்திரம் உண்டு, ஆனால் அரிசி தீர்ந்தால் கேட்க ஆள் இல்லை. இருபது வீடு உள்ள கிராமத்துச் சபை ஒரு பாஸ்டருக்கு எங்கிருந்து சம்பளம் கொடுக்கும்? ஊரில் வசதியான ஒருவர் கொடுப்பார். அப்புறம் பிரசங்கமும் அவருக்குப் பிடித்த மாதிரிதான் இருக்கும். இதற்காகவே 2022 ஏப்ரலில் எங்கள் பக்கத்து ஆறு சபைகள் சேர்ந்து ஒரு பொதுப் பெட்டி ஆரம்பித்தன.

காணிக்கையில் எத்தனை சதவீதம் அனுப்புவது என்பதை ஒவ்வொரு சபையும் வருடா வருடம் தன் கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்யும். நாங்கள் 8-ல் தொடங்கி இப்போது 12-ல் நிற்கிறோம். ஒரு கிராமத்துச் சபை 5. இன்னொன்று ஏதோ மனத்தாங்கலில் ஒரு வருடம் ஒரு பைசா அனுப்பவில்லை. யாரும் நெருக்கவில்லை, நெருக்கவும் முடியாது. மறுவருடம் அவர்களே 3 சதவீதம் என்று வந்து நின்றார்கள். சேருகிற 100 ரூபாயில் 45 கிராமத்துப் பாஸ்டர்கள் சம்பளத்துக்கு, 30 ஒடிசாவில் ஊழியம் செய்யும் இரண்டு குடும்பங்களுக்கு, 15 கட்டடப் பழுதுக்கு, மீதி 10 அவசரத்துக்கு என்று தனியே.

என் நாத்தனார் ஆரம்பத்திலேயே கேட்டாள்: “மைனி, சீட்டுன்னா முறை வந்ததும் எடுக்கலாம். இதை எப்ப எடுக்க?”

எடுக்கிற முறை 2023 டிசம்பரில் வந்தது. 17, 18 தேதிகளில் பெய்த மழை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி இரண்டு கரையையும் விழுங்கிக்கொண்டு போனது. ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் கூட்டுச் சபை ஒன்றில் பாஸ்டர் வீட்டு ஜன்னல் வரை தண்ணீர். கரண்ட் இல்லை, டவர் இல்லை, ஏடிஎம்மில் பணம் இல்லை. பெட்டியின் அவசரப் பங்கில் அப்போது 76,400 ரூபாய் இருந்தது. பொருளாளரும் வேறொரு சபைக்காரர் ஒருவரும் கையெழுத்துப் போட்டால் கூட்டம் கூட்டாமலே 25,000 வரை எடுக்கலாம் என்று விதி. (அந்த விதியை எழுதச் சொல்லி அடம்பிடித்தது நான். இதைக்கூடச் சொல்லாவிட்டால் எப்படி.) 20-ம் தேதி காலையிலேயே பாளையங்கோட்டை மண்டிக்காரர் காசோலையை வாங்கிக்கொண்டு 11 சிப்பம் அரிசி ஏற்றிவிட்டார். கூடவே லுங்கி, நைட்டி, மெழுகுவர்த்தி, பால் பவுடர். கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு லாரி போகாது, டிராக்டரில்தான் போனது. சபை வீடு, மற்ற வீடு என்று பார்க்காமல் தெரு முழுக்கக் கொடுத்தார்கள்.

அதே வாரம் வெளிநாட்டு உதவி வாங்கும் ஒரு டிரஸ்டிடமும் கேட்டுப் பார்த்தோம். அவர்களுக்கு மனம் இருந்தது, வழி இல்லை. 2020-ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து, வெளிநாட்டுப் பணத்தை வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. உள்ளூர்க் காணிக்கைக் கவரில் விழுந்த பத்தும் இருபதும்தான் அன்றைக்கு நகர்ந்தது. நாத்தனார் அதற்கப்புறம் சீட்டுப் பேச்சை எடுக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு விதி: கைக்கு வந்த பணத்தை மட்டும் பங்கு பிரிக்க வேண்டும், வருவதாகச் சொன்ன பணத்தை அல்ல. இதற்குக் காரணமான கதையை எங்கள் பாஸ்டர் முதல் கூட்டத்தில் சொன்னார். அமெரிக்காவில் தெற்கத்திய பாப்டிஸ்டுகள் 1919-ல், ஐந்து வருடத்தில் ஏழரைக் கோடி டாலர் சேர்ப்போம் என்று இறங்கினார்கள். ஒன்பது கோடிக்கு மேல் வாக்குக் கொடுத்தார்கள் ஜனங்கள். வந்து சேர்ந்தது ஆறு கோடிகூட இல்லை. அதற்குள் வாக்கை நம்பிச் செலவு செய்த மிஷன் போர்டுகள் கடனில் மூழ்கிவிட்டன. அந்த அடிக்குப் பிறகு, 1925-ல் மெம்பிஸ் நகரத்தில் கூடி ஏற்படுத்தியதுதான் அவர்களுடைய கூட்டுறவுத் திட்டம். சபை தன் விருப்பப்படி ஒரு பங்கை மாநில அமைப்புக்கு அனுப்பும். அது தன் வேலைக்கு எடுத்துக்கொண்டு மீதியைத் தேசிய அமைப்புக்கு அனுப்பும். சமீப வருடங்களில் அங்கே வெளிநாட்டு ஊழியத்துக்கு ஒதுக்கியது 50.41 சதவீதம். அந்தப் புள்ளிக்குப் பின்னால் நிற்கிற 41-ஐக் கேட்டதும் எனக்கு அவர்கள்மேல் ஒரு மரியாதை வந்தது. எவனோ ஒரு கணக்கன் ராத்திரி விழித்திருந்து போட்டிருக்கிறான்.

அதற்கு முன்னால் அங்கேயும், கல்லூரிக்கு ஒருவர், அனாதை இல்லத்துக்கு ஒருவர் என்று சபை சபையாக ஏறி இறங்கித்தான் வசூல் செய்தார்களாம். நமக்குத் தெரியாததா? ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒருவர் புரொஜக்டரோடு வந்து படம் காட்டிவிட்டுப் பையை நீட்டுவார். அழகாகப் பேசுகிறவருக்குப் பை நிறையும், திக்கிப் பேசுகிறவருக்குச் சில்லறை. பொதுப் பெட்டி வந்தபின் எங்களிடம் அது நின்றது. இதற்கே ஒரு நட்சத்திரம் தரலாம்.

ஆனால் குறையும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. படம் காட்டியவருக்கு ஒரு முகம் இருந்தது, பெட்டிக்கு முகம் இல்லை. எங்கள் ஊர் ஸ்தோத்திரப் பண்டிகையில் (விளைச்சலுக்கு நன்றி சொல்லும் பண்டிகை) ஒரு சேவல் ஏலத்தில் மூவாயிரத்துக்குப் போகும். கேட்டவர் யார், விட்டுக்கொடுத்தவர் யார் என்று அசனச் சோறு (சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து) தின்கிறவரை பேச்சு அதுதான். கைப்பிடி அரிசியும் அப்படியே. உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துப் பானையில் போடுகிறவளுக்கு அது யாருக்கோ போகிறது என்று தினமும் நினைப்பு வரும். (பொன்னியும் ரேஷனும் இட்லி அரிசியும் கலந்து வரும் அதை யாராலும் சோறாக்க முடியாது, மாவரைக்கத்தான் ஆகும். அது வேறு கதை.) 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, வெள்ளாளன்விளைக்காரர் அசரியாவும் கூட்டாளிகளும் நம் ஜனங்கள் பணத்திலேயே தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். போனவர் நம்ம ஆள் என்று தெரிந்ததால்தான் பணம் வந்தது. மேலே சொன்ன அமெரிக்காக்காரர்களும் பொதுத் திட்டத்தோடு நிறுத்தவில்லை. சீனாவில் ஊழியம் செய்த லாட்டி மூன் பேரில், 1888-லிருந்து நடந்துவரும் கிறிஸ்துமஸ் காணிக்கையைத் தனியாக வைத்திருக்கிறார்கள். எங்களுக்கோ ஒடிசாவிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் வர வேண்டும். போன முறை வர ஐந்து மாதம் ஆனது. பணம் போய்ச் சேர்ந்தது பாஸ்புக்கில் தெரிந்தது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் விட்டதா என்பது பாஸ்புக்கில் தெரியாது.

கியூஆர் அட்டையும் வைத்திருக்கிறார்கள். வசதிதான். ஆனால் சிலர் பணம் போட்ட கையோடு அந்த ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். எனக்குக் கவரே போதும். எண்ணுவதில் குறை சொல்ல மாட்டேன்: ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேர், எண்ணிய மேஜையிலேயே கையெழுத்து.

பெரிய குறை மாதக் கணக்குத் தாள். பத்தாம் தேதிக்குள் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். இருபத்தைந்துக்கு முன்னால் ஒட்டி நான் பார்த்ததில்லை. எழுத்து கடுகளவு, கண்ணாடி போட்டாலும் தெரியாது. ஒருமுறை கட்டடப் பழுதில் ‘இதர செலவு 2,150’ என்று இருந்தது. இதர என்றால் என்ன என்று கேட்டு மூன்று வாரம் கழித்துத்தான் ‘ஓடு மாற்றிய கூலி’ என்று பதில் வந்தது. கூலி என்றே எழுதியிருக்கலாமே அண்ணாச்சி.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அரை நட்சத்திரம் என் கைப்பையில் இருக்கிறது, தாள் நேரத்துக்கு வந்தால் எடுத்துக் கொடுப்பேன். இதை எழுதும்வரை போன மாதத்துத் தாள் பலகைக்கு வரவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பொருளாளர் அண்ணாச்சி பின்வாசல் வழியாகத்தான் போவார். அங்கேதான் நான் நிற்கப் போகிறேன்.