பிசிஏ பம்ப்: பட்டன் கையில் இருந்தும் வலி ஏன் அடங்குவதில்லை?

பெரிய வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு, நோயாளியே பட்டனை அழுத்தி வலி மருந்து ஏற்றிக்கொள்ளும் கருவி இது. ஊசி போட நர்ஸ் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. அந்த ஒன்றுக்காகவே தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ஆனால் அடங்கிய வலியை அப்படியே வைத்திருக்கத்தான் இது உதவும். உச்சத்துக்குப் போய்விட்ட வலியை இறக்க உதவாது.

காரணம் அதன் செட்டிங்கிலேயே இருக்கிறது. வழக்கமாக ஓர் அழுத்துக்கு மார்ஃபின் 1 மி.கி.; அதன்பின் 5 முதல் 10 நிமிடம் பூட்டு. அந்த நேரத்தில் எத்தனை முறை அழுத்தினாலும் மருந்து இறங்காது. துடிக்கும் வலிக்கு 1 மி.கி. எந்த மூலைக்கு? ரெகவரி அறையிலேயே மயக்க டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து ஏற்றி, வலியை அடக்கிவிட்டுத்தான் பம்பைக் கொடுக்க வேண்டும். அது விடுபட்டால் இரவு முழுக்க அவதிதான்.

வலி அடங்காவிட்டால் முதலில் கையைப் பாருங்கள். வென்ஃப்ளான் (மருந்து ஏற்றக் கையில் செருகும் சிறு குழாய்) போட்ட இடம் வீங்கியிருந்தால் மருந்து ரத்தக்குழாய்க்குள் போகவில்லை. டியூபின் கிளாம்ப் மூடியிருக்கிறதா என்று சிஸ்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு பம்பின் பதிவு: எத்தனை முறை அழுத்தினார், எத்தனை டோஸ் இறங்கியது என்று இரண்டு எண்கள் இருக்கும். 30 முறை அழுத்தி 6 டோஸ்தான் இறங்கியிருந்தால் டோஸ் போதவில்லை, அல்லது பயன்படுத்தும் முறை நோயாளிக்குப் புரியவில்லை. அழுத்தவே இல்லையென்றால் அவருக்கு அழுத்தப் பயமாக இருக்கலாம். இந்த எண்களோடு டியூட்டி டாக்டரிடம், "இருமும்போது வலி பத்துக்கு எட்டு, மூச்சை இழுத்துவிட முடியவில்லை, மயக்க டாக்டரைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லுங்கள். "ரொம்ப வலிக்குது" என்பதைவிட இதற்கு வேகமாக ஆள் வரும்.

கூடவே பாராசிட்டமால் நேரம் தவறாமல் போகிறதா என்றும் கேளுங்கள். பெரியவர்களுக்குப் பொதுவாக 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 கிராம். எடை 50 கிலோவுக்குக் கீழ் என்றாலோ கல்லீரல் கோளாறு இருந்தாலோ டாக்டர் குறைப்பார். இது சேர்ந்தால் மார்ஃபின் தேவை குறையும். சிறுநீரகக் கோளாறோ குடல்புண்ணோ இருந்தால் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தைக் கேட்காதீர்கள்.

கூட இருப்பவர்கள் பட்டனைத் தொடவே கூடாது. தூக்கம் மிஞ்சினால் நோயாளியின் கை தானாக ஓய்ந்துவிடும். பம்பின் பாதுகாப்பே அதுதான். பாசத்தில் மகனோ மகளோ அழுத்தினால் மூச்சு அடங்கிப்போகலாம். தட்டி எழுப்பியும் கண் திறக்காவிட்டாலோ, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் கீழே போனாலோ உடனே கத்திக் கூப்பிடுங்கள். மார்ஃபினை முறிக்கும் மருந்தான நலோக்ஸோன் வார்டிலேயே இருக்க வேண்டும்.

ராத்திரி கூப்பிட்டால் வர மயக்க டாக்டர் இருக்கிறாரா என்று ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள். இல்லையென்றால் இந்தப் பம்புக்குப் பணம் கட்டச் சொல்ல மாட்டோம்.

காலில் ஆபரேஷன் அல்லது மாவுக்கட்டு முடிந்து, மருந்து ஏற ஏற வலியும் ஏறினால், கால் விரலை மெல்ல நீட்டிவிட்டாலே உயிர் போகிறது என்றால், அது பம்பின் கோளாறு அல்ல. சதைக்குள் அழுத்தம் கூடி ரத்த ஓட்டம் தடைபடலாம். அங்கே கூடுதல் டோஸ் கேட்டு நேரத்தைக் கடத்தாமல் சர்ஜனை அந்த நிமிடமே வரச் சொல்லுங்கள்.